பழுது காட்டாத வண்டி

என் இஸ்திரிக் கடைக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தவரைத் தெருவில் எல்லோரும் தராசுக்காரர் என்றுதான் சொல்வோம். கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் எடை மெஷின்களைச் சரிபார்த்து, கோளாறு இருந்தால் பிரித்து மாட்டுவது அவர் தொழில். மீன் மார்க்கெட் தராசுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கித் துருவேறியிருக்கும். ரொட்டிக் கடைத் தராசில் மாவு அடைத்திருக்கும். நகைக்கடைத் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால்கூட எண் மாறும். மூன்றுக்கும் மூன்று விதமான பொறுமை வேண்டும் என்பார். அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது. வண்டி விஷயத்தில் மட்டும்தான் அது போயிற்று. அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்கு இடது முழங்கால் மடங்காது. லாரியோடு சரக்கை எடை போடும் மேடைக்கு அடியில் இறங்கி வேலை பார்த்தபோது வழுக்கி விழுந்து நொறுங்கிய கால். கம்பி வைத்து நேராக்கிவிட்டார்கள். நிற்கலாம், நடக்கலாம், பக்கவாட்டில் திரும்பி மாடிப்படிகூட ஏறலாம். கிளட்சை மிதிக்க மட்டும் ஆகாது. தராசைச் சரிபார்க்க இரும்பு எடைக்கற்களைக் கூடவே கொண்டுபோக வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் அதைப் பார்த்ததுமே, "என்னங்க, இரும்புக் கடையைத் தூக்கிட்டு வரீங்களா?" என்று கிளம்பிவிடுவார்கள். இப்படியே வேலை குறைந்து, பழைய வாடிக்கைகள் வேறு ஆளிடம் போய், மனிதர் என் கடை பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். காலையில் வந்து உட்கார்ந்தால் நான் கரி அணைக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். நீட்டிய காலைத் தாண்டித்தான் வாடிக்கைக்காரர்கள் உள்ளே வருவார்கள். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துவாள். அவளுக்கு ஒரே தம்பி. கார் ஷோரூமில் சர்வீஸுக்கு வரும் வண்டிகளை வாங்கி, என்ன குறை என்று கேட்டு, உள்ளே அனுப்புகிற வேலை அவனுக்கு. அவன்தான் ஒருநாள் படியேறி வந்து சொன்னான்.

"மாமா, எங்க ஷோரூம்ல ஒரு வண்டி இருக்கு, அதுல கிளட்ச் மிதிக்கிற வேலையே இல்ல. கியர் அதுவா மாத்திக்கும். ஒரு கால் போதும்."

"ஒரு காலுதான் இருக்கு, மாப்ள. அதுக்குத் தோதா வண்டி கிடைச்சிருக்குன்னு சொல்ற" என்று தராசுக்காரர் சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வண்டி வந்ததும் பெஞ்சு காலியாயிற்று. விட்ட வாடிக்கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மீன் மார்க்கெட், அரவை மில், துறைமுகக் கிடங்கு என்று மனிதர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். காலையில் மனைவியைக் கண்ணாடிக் கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார்.

ஒரு மழை நாளில் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. முன்னால் நெரிசல். நின்று நின்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தவர் மறுபடி எடுத்தபோது இன்ஜின் மட்டும் கத்தியது. சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் பள்ளிக்கூட வேன்.

"கண்ணாடி வழியா பிள்ளைங்க மூஞ்சி தெரியுது. நாங்க அதுங்கள நோக்கிப் போயிட்டிருக்கோம். இவரு பிரேக்க மிதிச்சு நிறுத்திட்டாரு" என்று அன்று சாயங்காலம் துணி எடுக்க வந்தபோது அவர் மனைவி சொன்னாள்.

வண்டியை அணைத்துத் திரும்பக் கிளப்பியதும், பூனை மாதிரி ஒன்றுமே நடக்காததுபோல ஏறிவிட்டதாம்.

"இது முதல் தடவைதானா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தாராம்.

"அப்ப முதல் தடவை இல்ல."

"மெதுவா போகும்போது உதறும். கொஞ்ச மாசமாவே. நிக்கிறது இப்பத்தான்."

"சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா நீ ஏற மாட்ட. நீ ஏறலைன்னா எனக்கே ஓட்ட பயமாயிடும்."

ஷோரூமில் குளிர் எலும்பைக் குத்தும். கண்ணாடிச் சுவர், தோல் சோபா, பட்டனைத் தட்டினால் காப்பி கொட்டும் மெஷின். அங்கே சர்வீஸ் மேனேஜராக இருந்தவர் எந்த வாக்கியத்தையும் "சாரி சார்" என்றுதான் தொடங்குவார். வாடிக்கைக்காரர்கள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். வண்டியின் வயிற்றில் ஒரு ஒயரைச் செருகி, கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்தார்.

"சாரி சார். வண்டி நல்லா இருக்கு. கோளாறுன்னு எதுவும் பதிவாகலை."

"நடுப்பாலத்துல நின்னுதுங்க. பின்னால உருண்டுது."

"நீங்க சொல்றத நான் பொய்னு சொல்லலை சார். எங்க முன்னாடி நிக்கலையே."

"உங்க முன்னாடி நில்லுன்னு நான் அதுகிட்ட கெஞ்ச முடியுமா?"

"சாரி சார். மெதுவா போகும்போது லேசா ஒரு நடுக்கம் இருக்கும். இந்த கியர்பாக்ஸோட சுபாவம் அது. போகப் போக உங்களுக்குப் பழகிடும்."

"சுபாவமா? பொண்ணு பாக்க வந்தப்ப இத யாரும் சொல்லலையே" என்றார் தராசுக்காரர்.

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாரி சாரும் சிரித்தார். மச்சினன் மட்டும் கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். கம்ப்யூட்டரில் ஏதோ புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். வண்டியைக் கழுவியும் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி உதறியது.

அந்த மாதிரி வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. புகார் குவிந்து, கடைசியில் கம்பெனியே இறங்கிவந்து, கியர்பாக்ஸுக்கு மட்டும் உத்தரவாத காலத்தை நீட்டித்தது. பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்களாம். மச்சினன் கேக் வாங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

"இனிமே கவலையே படாதீங்க மாமா. நின்னா அவங்க பொறுப்பு."

நின்றால் அவர்கள் பொறுப்புதான். ஆனால் அவர்கள் கண்ணெதிரே நிற்க வேண்டும், அதுதான் நிபந்தனை. வெளியாள் கை பட்டால் உத்தரவாதம் செல்லாது, அது இன்னொன்று. அடுத்த தெரு மெக்கானிக்கிடம் கேட்டபோது அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"இறக்கிப் பாத்தா என்னன்னு தெரிஞ்சிடும், அண்ணே. ஆனா நான் ஒரு போல்ட்ட தொட்டாலும் கம்பெனி கையக் கழுவிடும். கெடு முடியட்டும், கொண்டாங்க."

"கெடு முடிஞ்சா செலவு என் தலையில."

"ஆமா. அதுவரைக்கும் ஓட்டினா உயிரு உங்க கையில" என்றான் அவன். கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னான்.

தராசுக்காரர் ஷோரூமுக்கு நடையாய் நடந்தார். போகும்போதெல்லாம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும். சாரி சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்து, "சாரி சார்" என்பார். நீட்டித்த கெடுவும் தேய்ந்துகொண்டே வந்தது. அந்த மழைக்காலம் முடிந்தால் அதுவும் முடிகிறது.

நடுவில் விற்றுவிடலாம் என்றும் பார்த்தார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாடியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

"என் மகளுக்குத்தான். முழுகாம இருக்கா. ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிட்டுப் போயிடுவா. கிளட்ச் மிதிக்க வேணாம்ல, அதான்" என்றார் வாத்தியார்.

டீக் கோப்பையை வைத்த கையை எடுக்காமலே, "வாங்காதீங்க சார்" என்றாள் தராசுக்காரர் மனைவி.

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏற்றத்துல நிக்குது. பின்னால உருளுது. எப்ப நிக்கும்னு தெரியாது. உங்க பொண்ணுக்கு வேணாம்."

வாத்தியார் டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார். அவர் படியிறங்குகிற சத்தம் அடங்கும்வரை காத்திருந்து தராசுக்காரர் கத்தினார். நான் கீழே துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"நீ யாரு? நியாயஸ்தலமா? நான் என்ன மறைச்சு விக்கவா போனேன்?"

"மறைக்காம விக்கிறதுன்னா நீங்களே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

"டீயத்தான் குடிச்சீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கி வந்து, பழைய பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். "அவ சொன்னது நல்லதுதான்யா" என்றார் என்னிடம். "நான் சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியலை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினன் சாப்பிட வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டைகளைக் கொடுக்க மேலே போன என்னையும் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். தட்டில் போட்டதை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"மாப்ள, நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். ஓட்டிப் பாத்தேன், நின்னுதுன்னு."

"என் பேச்சு எடுபடாது மாமா. அக்கா புருஷன் வண்டின்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வண்டிகிட்டயே போகாதன்னு சாரி சார் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு."

"அப்ப என்னதான் வழி?"

"ஷோரூம்காரங்க பழுதுன்னு சொல்லி மாத்திட்டு, கம்பெனி ஆதாரம் எங்கன்னு கேட்டா, மாத்தின செலவு ஷோரூம் தலையில விழும். அதனால பயப்படுறாங்க. போன மாசம் ஒருத்தன் அப்படி எழுதிக் கொடுத்தான். அவன் இப்ப வீட்டுல இருக்கான்."

"எல்லாரும் பயந்தவங்கதான். ரோட்டுல நிக்கிறவன் மட்டும் தைரியசாலியா இருக்கணும்" என்றார் தராசுக்காரர்.

"நீதானேடா வாங்க வச்ச?" என்றாள் அக்கா.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா..."

"அவன விடு. அவன் என்ன பண்ணுவான்?"

"விடுன்னு நீங்க சொல்றீங்க. ராத்திரி பூரா பொலம்புறதும் நீங்கதான். இந்தப் பக்கம் பாத்தா புருஷன் மூஞ்சி. அந்தப் பக்கம் பாத்தா கூடப்பொறந்தவன் மூஞ்சி. நான் என்ன, சுவரப் பாத்துட்டா சாப்பிடறது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

அவள்தான் கடைசியில் சொன்னாள். "அது நிக்கிற வரைக்கும் ஓட்டுவோம். இவன் ஓட்டட்டும். இவன் கையில நிக்கட்டும். அப்பறமும் வாயத் தொறக்க மாட்டேன்னா, அது அவன் பாடு."

அடுத்த ஞாயிறு காலை, வீட்டில் இருந்த எடைக்கல் அத்தனையையும் டிக்கியில் ஏற்றினோம். பாரம் இருந்தால்தான் வண்டி முரண்டு பிடிக்கும் என்பது தராசுக்காரரின் கணக்கு. நானும் தூக்கிக் கொடுத்தேன். பின்பக்கம் தாழ்ந்து, வண்டி கன்று போடப்போகிற மாடு மாதிரி நின்றது. வெயில் அடித்தது, நடுவில் தூறியது, மறுபடி வெயில். ரொட்டி, வேகவைத்த முட்டை, வாழைப்பழம், பிளாஸ்கில் டீ. பிக்னிக் போகிறார்கள் என்றுதான் தெரு நினைத்தது.

அன்று நடந்ததை மூன்று பேரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மச்சினன் ஓட்டினான். பாலத்தில் ஏறி இறங்கினார்கள். மார்க்கெட் நெரிசலுக்குள் வேண்டுமென்றே புகுந்தார்கள். ரயில் நிலைய வாசலில் டாக்ஸிகளுக்குப் பின்னால் வரிசையில் ஊர்ந்தார்கள். ஏற்றத்தில் நிறுத்தி, எடுத்து, நிறுத்தி, எடுத்து, பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்கினார்கள். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.

"ஏன் இன்னைக்குன்னு பாத்து இவ்வளவு சமத்தா இருக்கு?" என்றாள் பின் சீட்டில் இருந்து.

"வீட்டுக்கு ஆளு வந்தா மட்டும் அடக்க ஒடுக்கமா நடந்துக்கிற பிள்ளை இது. ஆளு போனதும் பாரு ஆட்டத்த."

"கொஞ்சம் திட்டிப் பாருங்க மாமா. ரோஷம் வருதான்னு பாப்போம்."

"ஏ, கெட்டுப்போயேன். உனக்குப் புண்ணியமா போகும்" என்று தராசுக்காரர் டேஷ்போர்டைத் தட்டினார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்களாம். சொந்த வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று ஊரெல்லாம் சுற்றுகிற குடும்பம் வேறு எங்கே இருக்கும்?

மதியம் ஆற்றோர மரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். மச்சினன் முட்டையை உரித்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே இதே மாதிரி ரெண்டு மூணு வண்டி வந்துச்சு. இதே குறைதான்."

அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். தராசுக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேவா சொன்ன?" என்றார் திரும்பாமலே.

"எல்லா வண்டிக்குமா வரப்போகுதுன்னு நெனச்சேன். அந்த பெஞ்சுல நீங்க உக்காந்திருந்தத என்னால பாக்க முடியலை மாமா. நம்ம கைக்கு எட்டுற மாதிரி வேற வண்டி இல்ல."

அவர் பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றிக் குடித்தார். பிறகு, "முட்டையத் தின்னு, காயுது" என்றார். அவன் தின்றான். "நீ சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்டா. அந்த பெஞ்சுல உக்காந்தவனுக்குத்தான் அது தெரியும்."

அக்கா மட்டும் தம்பியிடம் அதற்குப் பிறகு பேசவில்லை.

மூன்று மணிவாக்கில் போதும் என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பெரிய சாலையைக் குறுக்கே கடந்து எங்கள் தெருப்பக்கம் திரும்ப வேண்டும். சிக்னல் விழுந்தது. மச்சினன் எடுத்தான். சாலையின் நட்டநடுவில் வண்டியின் உயிர் போயிற்று. இன்ஜின் ஓடுகிறது, மிதிக்க மிதிக்கக் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. அதற்குள் எதிர்ப் பக்கத்துக்குச் சிக்னல் மாறி, தராசுக்காரர் இருந்த பக்கமாக ஒரு கன்டெய்னர் லாரி வந்தது.

மச்சினன் மிதித்துக்கொண்டே இருந்தான். அணைத்துவிட்டுக் கிளப்ப வேண்டும் என்று அவன் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன். அந்த நேரத்தில் கை சாவிப் பக்கமே போகவில்லை. தராசுக்காரருக்குக் கதவைத் திறக்க முடிந்தது. நீட்டிய காலை வெளியே எடுக்க முடியவில்லை. காலணி டேஷ்போர்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டது.

அவள் பின்கதவைத் திறந்து இறங்கினாள். ஓடி, லாரிக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்து நின்றாள். மழையில் லாரிக்காரனுக்கு அவள் தெரிந்தாளா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. லாரி வழுக்கிக்கொண்டே வந்து நின்றது. கையை நீட்டினால் அதன் முகத்தைத் தொட்டிருக்கலாம் என்றார் தராசுக்காரர். சூடு அவள் மேல் அடித்ததாம்.

லாரிக்காரன் இறங்கி வந்து கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் திட்டு முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு வந்து, தம்பி பக்கம் குனிந்து, சாவியைத் தானே திருப்பி அணைத்து, தானே கிளப்பினாள்.

"இப்பப் போ" என்றாள்.

வண்டி போயிற்று.

எங்கள் தெரு முனையில் நிறுத்திவிட்டு மச்சினன் சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். நான் கடையிலிருந்து தண்ணீர் கொண்டு ஓடினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்து, "நான் தினம் தினம் எத்தனை பேருகிட்ட இது சுபாவம்னு சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்? அவன் என்னைக் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை வண்டியை அவனே ஷோரூமுக்கு எடுத்துப் போனான். கம்ப்யூட்டரைச் செருகினார்கள். ஒன்றும் இல்லை.

"சாரி தம்பி. பதிவாகலையே" என்றார் மேனேஜர்.

"நான் ஓட்டினேன் சார். என் கையில நின்னுது. அதுல பதிவாகலைன்னா என்னைப் பதிவு பண்ணிக்கோங்க."

"உன் அக்கா வீட்டு வண்டி. நல்லா யோசிச்சுக்கோ."

"நேத்து பூரா யோசிச்சுட்டேன் சார்."

தான் ஓட்டிப் பார்த்து உறுதி செய்ததாகத் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டான். அப்படி ஒருவர் எழுதிவிட்டால் கம்பெனிக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்பினார்கள். யாரும் எதிர்பார்க்காதபடி கம்பெனி சரி என்றது. மரப்பெட்டியில் புது கியர்பாக்ஸ் வந்து இறங்கியது. மாட்டி, கழுவி, உள்ளே வாசனைத் தண்ணீர் அடித்துக் கொடுத்தார்கள்.

மச்சினனை உடனே ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வரவேற்பு மேஜையிலிருந்து உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு, ஊழியர் தன் சொந்தக்காரருக்கு ஆதாயம் செய்து கொடுத்தது முறையல்ல என்று சொல்லி, இனி வர வேண்டாம் என்றார்கள். சாரி சார் அவன் தோளில் கைபோட்டு வாசல்வரை வந்தாராம்.

"அவரு மேல எனக்குக் கோவமே வரலை அண்ணே. அவருக்கும் ரெண்டு பிள்ளைங்க" என்றான் என்னிடம்.

இன்னொரு விஷயமும் அவன்தான் சொன்னான். புது கியர்பாக்ஸ் என்றால் புது உத்தரவாதம் கிடையாது. பழையதற்கு மிச்சமிருந்த கெடுதான் இதற்கும். அதுவும் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. மாட்டிய கியர்பாக்ஸும் திருத்தி அமைத்த புதிய வகை இல்லை, அதே பழைய வகை.

"அப்ப இதுவும்?"

"வரலாம். வராமலும் போகலாம்" என்றான் மச்சினன். "மாமாகிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவை எதையும் மறைக்கலை."

தராசுக்காரர் பழையபடி காலையில் கிளம்பினார். மனைவி மட்டும் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நடந்தாள். அவர் வண்டியை மெதுவாக அவள் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை இறக்கிக் கூப்பிடுவார். தெருவே பார்க்கும்.

"இப்ப நல்லாத்தானே ஓடுது. ஏறேன்."

"நீங்க போங்க."

"பயமா?"

"பயமில்ல. லாரி முன்னாடியே நின்னுட்டேன், இனி என்ன பயம்? அதுல உக்காந்தா தம்பி சோத்துத் தட்டு மேல உக்காந்த மாதிரி இருக்குங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தம்பி மேல் அவளுக்கு இருந்த கோபமும் போகவில்லை, அவனுக்காக இருந்த வருத்தமும் போகவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். கண்ணாடிக் கடையில் அந்த மாதம் இரண்டு லென்ஸை உடைத்துவிட்டதாகச் சொன்னாள். அதுவரை ஒன்றுகூட உடைத்ததில்லை.

மச்சினனுக்கு டயர் கடையில் வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டை போட்டுக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவன் ஜாக்கி தூக்கி, நட்டு முறுக்கி, கறுத்த கையோடு வந்து போனான். குறை சொல்லவில்லை. "இங்க பஞ்சர்னா பஞ்சர்தான் அண்ணே. காத்து இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்பான்.

ஒரு காலை, பருவம் தப்பிய மழை பேய்மாதிரி கொட்டியது. பஸ் எதுவும் ஓடவில்லை. ஒரு விடுதிக்குக் கொடுக்க வேண்டிய வெளுத்த விரிப்புகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்தேன். தராசுக்காரர் என்னையும் ஏறச் சொன்னார். மச்சினனும் டயர் கடைக்குப் போக நனைந்துகொண்டு வந்து நின்றான். அவள் குடையோடு கடைசிப் படியில் நின்றாள், கணுக்கால்வரை தண்ணீர்.

"ஏறுக்கா" என்றான் தம்பி. "என் வேலை போனதுதான் போச்சு. நீயும் நனைஞ்சா என்ன லாபம்? ஏறு."

அவள் அவனைப் பார்த்தாள். குடையை மடக்கினாள். முன்சீட்டில் கணவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நானும் அவனும் பின்னால், நடுவில் என் மூட்டை. மழைக்காகக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றியிருந்தோம். ஈரத் துணி வாசனையும் எங்கள் மூச்சும் சேர்ந்து உள்ளே புகைபோல் படிந்தது.

வண்டி நன்றாகத்தான் போயிற்று. அவள் தம்பியிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "ரெண்டு ரொட்டி" என்றான். "மதியத்துக்கு?" என்றாள். அங்கேயே பக்கத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். "நாளையிலேர்ந்து நான் கட்டித் தரேன்" என்றாள். தராசுக்காரரின் தோள் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் முன்னால் போன வண்டிகள் வேகம் குறைந்தன. நாங்களும் ஊர்ந்தோம். அப்போது என் காலுக்கடியில் ஒரு நடுக்கம் வந்தது. யாரோ அடியிலிருந்து வண்டியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியதுபோல. அந்த நடுக்கம் உடனே நின்றுவிட்டது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

மச்சினன் வெளியே பார்த்தான். வெளியே எதுவும் தெரியவில்லை, கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தராசுக்காரர் தன் மனைவி பக்கம் திரும்பவில்லை.

"கண்ணாடிய எறக்குங்க" என்றாள் அவள். "மூச்சு முட்டுது."

அவர் இறக்கினார். சாரல் உள்ளே அடித்தது. அவள் மேல் அடித்து, அவளைத் தாண்டி என் மூட்டை மேலும் விழுந்தது. வெள்ளை விரிப்புகள் நனைந்துகொண்டே வந்தன. கண்ணாடியை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.